ஒரு நாணயம், இருபத்து நான்கு மொழிகள்

1958ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் செயற்படத் தொடங்கியபோது, அதன் அமைச்சர் மன்றம் இயற்றிய முதலாவது ஒழுங்குவிதி சுங்கத்தைப் பற்றியதன்று. விளைபொருள் விலையைப் பற்றியதுமன்று. அது மொழியைப் பற்றியது. டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகிய நான்கும் நிகரான ஆட்சிமொழிகள் என்றும், பொதுச் சட்டங்கள் அந்நான்கிலும் வெளியிடப்பெற வேண்டும் என்றும், குடிமகன் ஒருவன் தன் மொழியில் எழுதும் மடலுக்கு அம்மொழியிலேயே விடை தரப்பெற வேண்டும் என்றும் அவ்விதி வகுத்தது. 2013இல் குரோவேசியா சேர்ந்தபோது அந்த நான்கு மொழிகள் 24 ஆகப் பெருகியிருந்தன. 2004இல் உறுப்பு நாடானபோது ஏறத்தாழ 4 இலட்சம் மக்களையே கொண்டிருந்த மால்ட்டாவின் மொழிக்கும், 8 கோடிப் பேர் வாழும் ஜெர்மனியின் மொழிக்கும் சட்டத்தின் முன் ஒரே நிலை அளிக்கப்பெற்றது.

விவிலியத்தில் வரும் பாபேல் கோபுரக் கதையில், மொழி ஒன்றாய் இருந்தவரை கட்டடம் உயர்கின்றது. மொழி பலவானதும் வேலை நின்றுவிடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாறு இக்கதைக்கு மாறாக நடந்தது. மொழி பலவாக இருந்த பக்கத்தில் கட்டடம் ஆட்டம் காணவில்லை. எதை ஒன்றாக்கினார்களோ, அந்த நாணயத்தின் பக்கத்தில்தான் விரிசல் கண்டது. இது எவ்வாறு நேர்ந்தது என்பது பொருளியலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. பலர் கூடி ஒன்றாய் வாழ்தல் என்பதன் பொருளை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் உரிய வினா அது.

எல்லையில் பிறந்தவர்கள்

1870 தொடங்கி 1945 வரையிலான முக்கால் நூற்றாண்டில் பிரான்சும் ஜெர்மனியும் மும்முறை போரிட்டன. மூன்றாம் போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்த நிலையில், 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் இராபர்ட் ஷூமான் ஓர் அறிக்கை வெளியிட்டார். இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் பொதுவான ஓர் உயர் ஆணையத்தின் கீழ் வைப்பது என்பதே அதன் சாரம். பீரங்கி வார்க்கப் பயன்படும் பொருள் இருவர்க்கும் பொதுவாகிவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தம் செய்ய இயலாது. இத்திட்டத்தை வரைந்தவர் ஜீன் மோனே. 1951 ஏப்ரல் 18 அன்று பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் பாரிஸ் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன.

இம்முயற்சிக்குத் தோள் கொடுத்த தலைவர்களின் பிறப்பிடங்கள் கருதத்தக்கவை. ஷூமான் பிறந்தது லக்சம்பர்க்கில். அவர்தம் தந்தையின் ஊர் ஜெர்மனி கைப்பற்றி வைத்திருந்த லொரேன் பகுதியைச் சேர்ந்தது. ஜெர்மன் குடிமகனாகப் பிறந்த அவர், முதல் உலகப் போருக்குப் பின்னரே பிரெஞ்சுக் குடிமகனானார். இத்தாலியத் தலைமை அமைச்சர் டி காஸ்பரி பிறந்த திரெந்தினோ, அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அவர் வியன்னா நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். ஜெர்மனியின் அடனாவர் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன் நகரின் மேயராய் இருந்தவர். மூவரும் ஜெர்மன் மொழியில் உரையாடக்கூடியவர்கள். குடியிருக்கும் வீடு அசையாதிருக்க, நாட்டின் எல்லை மட்டும் இடம்பெயரும் என்பதைக் கண்ணாரக் கண்ட தலைமுறையினர்.

மோனேயின் நெறி, நாட்டின் இறையாண்மையை நேரே தொடாமல், சிறிய சிறிய நலன்களை முதலில் பிணைப்பது. இன்று நிலக்கரி, நாளை சந்தை, அதன்பின் அரசியல் தானாகவே வந்து சேரும். ஐரோப்பா நெருக்கடிகளின் ஊடேதான் உருவாகும் என்பதும் அவர் கருத்து. இந்நெறியில் ஓர் அறிவுடைமை உண்டு. ஓர் இடரும் உண்டு. கூரை வேயாத அறையில் குடியேறிவிட்டு, மழை வரும்போது கூரை போட்டுக்கொள்ளலாம் எனத் துணிவது இது. மழை வரும் நாளில் நனைபவர் யார் என்ற கேள்விக்கு இந்நெறியில் விடையில்லை.

வெற்று நாற்காலி

1957 மார்ச்சு 25 அன்று ரோம் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பொதுச் சந்தை பிறந்தது. முதற் பெரும் உரசல் 1965இல் வந்தது. வால்ட்டர் ஹால்ஸ்டைன் தலைமையிலான ஆணையம், சமூகத்துக்கென்று தனி வருவாய் வேண்டும் என்றது. 1966 முதல் பல பொருள்களில் பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் முறையும் நடப்புக்கு வர இருந்தது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சார்லஸ் டி கால் இதனை ஏற்கவில்லை. தம் நாட்டின் சார்பாளர்களை அமைச்சர் மன்றத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஏறத்தாழ ஏழு மாதங்கள் பிரான்சின் நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது.

1966 சனவரியில் லக்சம்பர்க்கில் ஏற்பட்ட இணக்கம், ஒரு நாட்டின் மிக முக்கிய நலன் தொடர்புடைய பொருளில், அனைவரும் உடன்படும்வரை பேச்சைத் தொடர வேண்டும் என்ற நடைமுறையைக் கொணர்ந்தது. எழுத்தில் இல்லாவிடினும் செயலில் இது ஒவ்வொரு நாட்டுக்கும் மறுப்புரிமை தந்தது. பின்னாளில் சந்தை தொடர்பான பலவற்றில் பெரும்பான்மை வாக்கு நடைமுறைக்கு வந்தது உண்மையே. ஆயினும் வரி, அயலுறவு ஆகியவற்றில் ஒருமனதான முடிவே வேண்டும் என்ற நிலை நீடித்தது. சந்தையைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தவர்கள் கருவூலச் சாவியை மட்டும் தத்தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டனர். பின்வந்த இடுக்கண்களுக்கெல்லாம் வேர் இதுவே எனலாம்.

கருவூலம் இல்லாத நாணயம்

பொதுநாணயக் கனவு மாஸ்டிரிக்டில் தோன்றியதன்று. 1970இல் லக்சம்பர்க் தலைமை அமைச்சர் பியர் வெர்னர் தலைமையிலான குழு, பத்தாண்டுகளில் நாணய ஒன்றியம் அமையலாம் என அறிக்கை அளித்தது. 1971 ஆகஸ்டு 15 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை நீக்கியதும் உலகெங்கும் நாணய மதிப்புகள் தடுமாறின. வெர்னரின் திட்டம் கிடப்பிற் போடப்பெற்றது. 1977இல் டொனால்டு மக்டூகல் என்னும் பொருளியலறிஞர் தலைமையிலான குழு, சிறிய அளவிலான கூட்டாட்சி அமைவதாயினும் மொத்த உற்பத்தியில் 5 முதல் 7 விழுக்காடு அளவுக்குப் பொதுக் கருவூலம் தேவை எனக் கணித்தது. அன்றைய சமூகத்தின் வரவுசெலவு 1 விழுக்காட்டையும் எட்டவில்லை. பிற்காலத்தும் அது 1 விழுக்காட்டை ஒட்டியே நின்றது.

பொதுக் கருவூலம் ஏன் வேண்டும்? தனி நாணயம் உடைய நாடு, தன் பொருள்கள் உலகச் சந்தையில் விலை மிகுந்து விற்காமற் போனால், நாணய மதிப்பைக் குறைத்து மீளலாம். வட்டி வீதத்தைத் தன் நிலைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். பொதுநாணயத்துக்குள் சென்ற நாட்டுக்கு இவ்விரு வழிகளும் அடைபடுகின்றன. எஞ்சும் வழிகள் இரண்டு. ஒன்று, நலிந்த பகுதிக்கு வளமான பகுதியின் வரிப்பணம் பாய வேண்டும். ஒரு நாட்டிற்குள் நாள்தோறும் நடப்பது இதுதான். மற்றொன்று, கூலியும் ஓய்வூதியமும் குறைக்கப்பெற வேண்டும். முதல் வழிக்குக் கருவூலம் வேண்டும். அது இல்லாதவிடத்து இரண்டாவதே விதியாகின்றது.

1989இல் ஜாக் டெலோர் தலைமையிலான குழு நாணய ஒன்றியத்துக்குப் புதிய வழி வகுத்தது. அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்தது. ஒன்றுபட இருந்த ஜெர்மனியை ஐரோப்பாவுடன் இறுகப் பிணைக்கும் கயிறாகப் பிரான்சு பொதுநாணயத்தைக் கண்டது என்பர் வரலாற்றாசிரியர் பலர். ஜெர்மனியோ, தன் மார்க்கை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகக் கண்டிப்பான விதிகளைக் கேட்டது. 1992 பிப்ரவரி 7 அன்று கையொப்பமான மாஸ்டிரிக்ட் உடன்படிக்கை இவ்விரு விருப்பங்களின் கூட்டு. ஆண்டுப் பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. கடன் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஒரு நாட்டின் கடனுக்கு மற்றொரு நாடு பொறுப்பேற்காது. கருவூலம் இருக்க வேண்டிய இடத்தில் விதிகள் வைக்கப்பெற்றன.

மக்கள் இதனை ஐயத்தோடே நோக்கினர். 1992 சூனில் டென்மார்க்கு மக்கள் 50.7 விழுக்காட்டினர் உடன்படிக்கையை மறுத்தனர். செப்டம்பரில் பிரெஞ்சு மக்கள் 51 விழுக்காட்டளவில் மட்டுமே அதனை ஏற்றனர். டென்மார்க்குக்குச் சில விலக்குகள் அளித்து, மறு ஆண்டில் மீண்டும் வாக்கெடுத்து இசைவு பெறப்பெற்றது. 1999 சனவரி முதல் நாள் 11 நாடுகளில் யூரோ கணக்கு நாணயமாகத் தோன்றியது. 2002 சனவரி முதல் நாள் கைக்கு வந்தது. 2003இல் விதியை மீறியவர்கள் ஜெர்மனியும் பிரான்சுமே. அவர்கள்மீது எடுக்கப்பெற வேண்டிய நடவடிக்கையை அவ்வாண்டு நவம்பரில் அமைச்சர் மன்றம் நிறுத்தி வைத்தது. விதி எளியவர்க்கு மட்டுமே என்ற எண்ணம் சிறிய நாடுகளின் நெஞ்சில் அன்று விழுந்தது.

கிரேக்கத்தின் பத்தாண்டு

ஐரோப்பா என்ற பெயர் கிரேக்கப் பழங்கதை தந்தது. காளை வடிவெடுத்த சேயுசு கடவுளால் கவர்ந்து செல்லப்பெற்ற இளவரசி ஐரோப்பாவின் உருவம், கிரேக்கம் அச்சிட்ட 2 யூரோ நாணயத்தில் உள்ளது. 2001இல் அந்நாடு யூரோவில் இணைந்தது. அதன்பின் ஜெர்மனிக்குக் கிடைத்ததை ஒத்த குறைந்த வட்டிக்கு அதற்கும் கடன் கிடைத்தது. பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் தயங்காது கொடுத்தன. ஏதென்ஸ் அரசு தயங்காது வாங்கியது. வரி ஏய்ப்பு மலிந்திருந்தது. கணக்கும் நேர்மையாய் இல்லை. 2009 அக்டோபரில் பதவியேற்ற பாப்பாண்ட்ரு அரசு, பற்றாக்குறை முன்னர்க் கூறப்பெற்றதைவிட மிகப் பெரிது என அறிவித்தது. அவ்வாண்டின் பற்றாக்குறை 15 விழுக்காட்டையும் தாண்டியது எனப் பின்னர்த் தெரியவந்தது.

2010 மே திங்களில் ஐரோப்பிய நாடுகளும் பன்னாட்டு நிதியமும் 11,000 கோடி யூரோ கடன் தர முன்வந்தன. அப்பணத்தின் பெரும்பகுதி பழைய கடன்காரர்களுக்கே திரும்பிச் சென்றது. ஈடாகக் கேட்கப்பெற்றவை ஊதியக் குறைப்பு, ஓய்வூதியக் குறைப்பு, வரி உயர்வு. நெருக்கடி தொடங்கியபின் கிரேக்கத்தின் மொத்த உற்பத்தி ஏறத்தாழக் காற்பங்கு சுருங்கியது. 2013இல் தொழிற்படையினரில் நூற்றுக்கு 27 பேருக்கும், இளைஞரிற் பாதிக்கு மேற்பட்டோருக்கும் வேலையில்லை. படித்தவர்கள் வெளிநாடு சென்றனர். தன் மதிப்பீடுகள் மிகையான நம்பிக்கை கொண்டவை என்பதைப் பன்னாட்டு நிதியமே 2013இல் ஒப்புக்கொண்டது.

2015 சூன் இறுதியில் வங்கிகள் மூடப்பெற்றன. தானியங்கியிலிருந்து நாளொன்றுக்கு 60 யூரோவே எடுக்கலாம். அட்டை இல்லாத முதியோர் 120 யூரோ பெறுவதற்காக, அவர்களுக்கெனத் திறந்த சில கிளைகளின் வாயிலிற் காத்து நின்றனர். சூலை 5 அன்று நடந்த வாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் கடன் நிபந்தனைகளை மறுத்தனர். எட்டே நாள்களில், சூலை 13 அன்று, அவற்றினும் கடிய நிபந்தனைகளுக்கு அந்நாட்டு அரசு உடன்பட நேர்ந்தது. வாக்குரிமை கிரேக்கரின் மக்களாட்சியோடு ஒட்டியது என்பதை எண்ணுவோர்க்கு அந்த எட்டு நாள்கள் எளிதில் மறக்கக் கூடியவையல்ல.

மறுபக்கத்தையும் கூறாவிடில் வரலாறு குறைப்பட்டுவிடும். கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் செல்வர்களல்லர். சுலோவாக்கியா கிரேக்கத்தினும் வருவாய் குறைந்த நாடு. தங்களினும் மிகுதியாக ஓய்வூதியம் பெறுவோர்க்குத் தாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என அந்நாட்டு மக்கள் கேட்டனர். 2010இல் முதற் கடனிற் பங்கேற்க அது மறுத்தது. 2011 அக்டோபரில் மீட்பு நிதி பற்றிய வாக்கெடுப்பில் தோற்று, இவெத்தா ராதிச்சோவாவின் அரசே கவிழ்ந்தது. ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்தியது அந்த அமைப்பு. சோம்பேறித் தெற்கு என்றும் கல்நெஞ்ச வடக்கு என்றும் அந்நாள்களில் ஏடுகள் எழுதிய வசைகள், உண்மையில் மனிதரின் இயல்பைப் பற்றியவையல்ல. போடாத கூரையின் கீழ் நனைந்தவர்கள் ஒருவரையொருவர் பழித்துக்கொண்ட பழிப்பு அது.

வெளியேறிய நாடும் தங்கிய மொழியும்

பிரித்தானியா இந்த நாணயத்திற் சேரவில்லை. 1973இல் ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பிற் சேர்ந்து, 1984இல் தான் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் உரிமையையும் வென்றிருந்தது. ஆயினும் 2016 சூன் 23 அன்று அந்நாட்டு மக்கள் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தனர். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் பெரும்பான்மையால் தங்கியிருக்கவே விரும்பின. 2020 சனவரி 31 அன்று பிரிவு நிகழ்ந்தது. சுமையைப் பகிராமை ஒரு நோய் எனில், தம் குரல் எங்கோ ஓரிடத்திற் கரைந்துவிடுகின்றது என்ற மனக்குறை மற்றொரு நோய். வெளியேற விரும்பியோரிற் பலர் இந்த இரண்டாம் நோயால் வருந்தியோரே.

ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. பிரித்தானியா வெளியேறியது, ஆங்கிலம் வெளியேறவில்லை. அயர்லாந்திலும் மால்ட்டாவிலும் ஆட்சிமொழியாக இருந்தமையால், ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்ற நிலை அதற்கு நீடித்தது. மறுபுறம், 2007இல் ஆட்சிமொழியாக ஏற்கப்பெற்ற ஐரிஷ் மொழிக்கு, மொழிபெயர்ப்பாளர் போதாமையால் வைக்கப்பெற்றிருந்த விலக்கு படிப்படியாகத் தளர்த்தப்பெற்று, 2022 சனவரி முதல் நாள் முற்றும் நீங்கியது. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கினர். எல்லா மொழிக்கும் இந்நற்பேறு வாய்த்ததென்று கூற இயலாது. பல இலட்சம் பேர் பேசும் கத்தலான் மொழிக்கு இந்த நிலை வேண்டும் என 2023இல் ஸ்பெயின் கேட்டபோது உடனே இசைவு கிட்டவில்லை. எனினும் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பொருட்டு உழைப்பும் பணமும் தளராமற் செலவிடப்பெற்றன.

கடன் பொதுவான நாள்

2020இல் கொரோனா நோய் பரவியபோது, முதலில் தலையெடுத்தது பழைய தன்னலமே. மார்ச்சுத் தொடக்கத்தில் பிரான்சும் ஜெர்மனியும் முகக்கவசங்கள் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தின. இத்தாலியின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நாள்கள் அவை. ஆனால் மே திங்களில் ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கலும் பிரான்சின் இம்மானுவேல் மக்ரோனும் ஒன்றியமே கடன் வாங்கி, நலிந்த நாடுகளுக்கு வழங்கலாம் என்றனர். நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க்கு ஆகிய நான்கும் சிக்கனம் பேசி எதிர்த்தன. சூலை 17 தொடங்கி 21 விடியல் வரை தலைவர்கள் பேசினர். 75,000 கோடி யூரோ பொதுக்கடன் திரட்டவும், அதில் 39,000 கோடியைத் திருப்பித் தர வேண்டாத கொடையாக அளிக்கவும் முடிவாயிற்று. பத்தாண்டுகளுக்கு முன் கிரேக்கத்துக்கு இயலாது என மறுக்கப்பெற்றது இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் இயன்றது.

இதனையும் அளவறிந்தே போற்ற வேண்டும். ஒரேமுறை மட்டும் எனச் சொல்லியே இக்கடன் எடுக்கப்பெற்றது. அதனைத் தீர்க்கும் காலம் 2058 வரை நீள்கின்றது. பணத்தோடு சட்டத்தின் ஆட்சி என்ற நிபந்தனையைச் சேர்த்தபோது, 2020 நவம்பரில் ஹங்கேரியும் போலந்தும் திட்டம் முழுவதையும் தடுத்து நிறுத்தின. 1966இல் முளைத்த மறுப்புரிமை அப்போதும் பட்டுப்போகவில்லை. இணக்கம் கண்டபின், 2022 திசம்பரில் ஹங்கேரிக்குரிய 630 கோடி யூரோ அந்நிபந்தனையின்கீழ் நிறுத்தி வைக்கப்பெற்றது. பகிர்ந்துகொள்ளும் பணம் இருந்தால்தான் பகிர்ந்துகொள்ளும் நெறியையும் கேட்க இயலும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

தாளிலும் தரையிலும்

2002இல் வெளிவந்த யூரோத் தாள்களின் ஒரு பக்கத்திற் பாலங்கள் வரையப்பெற்றிருந்தன. ஆஸ்திரியத் தேசிய வங்கியின் ஓவியர் இராபர்ட் கலினா அவற்றை வரைந்தார். அவை எந்த ஆற்றின்மீதும் நின்ற பாலங்களல்ல. ஒரு நாட்டின் பாலத்தை வரைந்தால் மற்றொரு நாடு வருந்தும் என்பதற்காக, எந்த நாட்டிலும் இல்லாத பாலங்களே வேண்டும் என முடிவு செய்திருந்தனர். ஒன்றியத்தின் கீதமும் இத்தகையதே. பேதோவனின் இசை உண்டு, சொற்கள் இல்லை. ஒரு மொழியின் சொல்லைப் பாடினால் பிற மொழிகள் தாழும் என அஞ்சினர்.

சின்னங்களில் இவ்வாறு ஒதுங்கிச் செல்வது பிழையன்று. ஆனால் மொழியைப் பொறுத்தமட்டில் ஒன்றியம் ஒதுங்கிச் செல்லவில்லை. ஒவ்வொரு சட்டத்தையும் ஒவ்வொரு மொழியிலும் ஆக்கும் கடுமையான பணியை 1958 முதல் மேற்கொண்டது. ஆயிரக்கணக்கான மொழிபெயர்ப்பாளர்கள் நாள்தோறும் உழைத்தனர். வரவுசெலவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அதற்குச் சென்றது. மொழிகளின் சமத்துவத்துக்கு விலை உண்டு என்பதை அது முதல் நாளே ஒப்புக்கொண்டு, அவ்விலையைக் கொடுத்துக்கொண்டே வந்தது. ஆகவே அங்கு விரிசல் தோன்றவில்லை. நாணயத்தின் ஒற்றுமைக்கும் விலை உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தது. அந்த விலையைப் பின்னர் ஏதென்ஸ் வங்கி வாயிலில் நின்ற முதியோர் கொடுத்தனர்.

நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகருக்கு அருகே ஸ்பெய்கனிசே என்னும் ஊர் உள்ளது. யூரோத் தாளில் இருந்த கற்பனைப் பாலங்கள் ஏழையும் 2011 முதல் 2013 வரையிலான காலத்தில் அவ்வூரார் உண்மையாகவே கட்டி முடித்தனர். தாளில் உள்ள அதே வடிவம், அதே நிறம். ஒரு புதிய குடியிருப்பைச் சுற்றி ஓடும் நீரின்மேல் அவை நிற்கின்றன. மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் அவற்றைக் கடந்து செல்கின்றனர். தாளில் வரைந்த பாலம் தரையில் நிற்பதற்கு அவ்வூரார் செய்ததெல்லாம், இடம் ஒதுக்கியதும் பணம் ஒதுக்கியதுமே. அந்தச் சிற்றூர் தன் ஏழு பாலங்களுக்குச் செய்ததை ஒன்றியம் தன் நாணயத்துக்கு முழுமையாகச் செய்யும் நாளில், மொழிகளைத் தாங்கிய அந்தக் கட்டடம் தன் மக்களையும் தாங்கும்.